பொட்டிப்புரத்துக்காகப் படித்தவர்கள் இப்போது எங்கே?

அதிகாலை 5 மணிக்கே போடிநாயக்கனூரில் ஜீப்கள் உறும ஆரம்பித்துவிடும். தலையில் துண்டு கட்டிய பெண்கள் சாப்பாட்டுத் தூக்குடன் ஏறி நெருக்கி உட்கார, வண்டி போடிமெட்டு வளைவுகளைப் பிடித்து மேலே போகும். கேரள எல்லையைத் தாண்டினால் ஏலத்தோட்டம். களை எடுப்பது, மருந்து அடிப்பது, காய் பறிப்பது எனப் பகல் முழுக்க வேலை. இருட்டுவதற்குள் அதே ஜீப்பில் இறங்கி வர வேண்டும்.

இப்படி மலையேறி இறங்கும் ஒரு அம்மாவின் மகளோ மகனோ, “எம்.எஸ்சி முடிச்சிட்டேன்மா, இன்னும் 6 வருஷம் வானியல்ல பி.ஹெச்டி பண்ணப்போறேன்” என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? முதல் கேள்வி ஒன்றேதான். “அதைப் படிச்சா என்ன வேலைடா கிடைக்கும்?”

நியாயமான கேள்வி. ‘படிப்பும் பிழைப்பும்’ பகுதியில் இந்த வாரம் அதற்கான பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் மேற்கே திரும்பினால் பொட்டிப்புரம். அங்கே அம்பரப்பர் கரடு என்று ஒரு மலை நிற்கிறது. அந்த மலைக்குள் அமைய இருந்த ஆய்வகத்தை நம்பி, இந்தியா முழுவதிலுமிருந்து இளைஞர்கள் பி.ஹெச்டி சேர்ந்தார்கள். ஆய்வகம் வரவில்லை. அவர்கள் படிப்பை முடித்துவிட்டார்கள்.

நியூட்ரினோ திட்டம் என்றதும் போராட்டம், வழக்கு, வைகோவின் நடைபயணம் எல்லாம் நினைவுக்கு வரும். அந்த மாணவர்களை யாருக்கும் நினைவிருக்காது.

மலைக்குள் என்ன வர இருந்தது?

தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நியூட்ரினோ என்பது சூரியனிலிருந்தும், வெடிக்கும் விண்மீன்களிலிருந்தும், வானத்தின் மேலடுக்கில் காஸ்மிக் கதிர்கள் மோதுவதாலும் வரும் மிக நுண்ணிய துகள். உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக மட்டும் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நொடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்து போகின்றன. எதிலும் மோதாமல் போய்விடுவதால் பிடிப்பதுதான் சிரமம். மற்ற கதிர்களின் தொந்தரவு இல்லாத இடம் வேண்டும். அதனால்தான் மலையைத் தேடினார்கள். சுமார் 1.9 கிலோமீட்டர் சுரங்கம், எல்லாப் பக்கமும் குறைந்தது 1 கிலோமீட்டர் பாறை, உள்ளே 50,000 டன் எடையில் காந்தமாக்கப்பட்ட இரும்பு அடுக்குகள். இந்தக் கருவிக்கு ‘ஐகால்’ என்று பெயர் வைத்தார்கள். இரும்பு அடுக்குகளுக்கு இடையே சுமார் 29,000 கண்ணாடிப் பெட்டிகள் செருகப்பட இருந்தன. துகள் கடந்து போனால் அந்தப் பெட்டியில் சின்னதாக ஒரு மின்துடிப்பு எழும். பெட்டிக்குள் அடைக்கும் வாயுவில் பெரும்பகுதி, கார் ஏ.சி-யிலும் ஃபிரிட்ஜிலும் இருக்கும் அதே ஆர்-134ஏ.

இதுதான் திட்டம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்றது. முதலில் நீலகிரி சிங்காராவில்தான் இடம் பார்த்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட, போடி மேற்கு மலைக்கு வந்தார்கள். 2015 தொடக்கத்தில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

ஆய்வகத்துக்கு முன்பே வகுப்பு

அமைச்சரவை ஒப்புதலுக்கு 7 வருடம் முன்பே, 2008-ல், மாணவர்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கருவி தயாராகும்போது அதை இயக்கத் தெரிந்தவர்கள் தயாராக இருக்க வேண்டும் என்பது கணக்கு. முதல் வருடம் மும்பையில் பாடம். பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, அலகாபாத் என வெவ்வேறு ஆய்வு நிறுவனங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனமும் அதில் ஒன்று. ஹோமி பாபா தேசிய நிறுவனம் பட்டம் கொடுத்தது. இயற்பியல் எம்.எஸ்சி மட்டுமல்ல, பி.இ., பி.டெக் முடித்தவர்களும் சேர முடிந்தது.

இதில் ஒரு விஷயத்தைப் பெற்றோர் அழுத்தமாகக் குறித்துக்கொள்ளலாம். இந்தப் படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டியதில்லை. அரசு ஆய்வு நிறுவனங்களில் பி.ஹெச்டி படிப்பவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. ஜூனியர் ஃபெலோஷிப் 2014-ல் 25,000 ரூபாய் ஆனது. 2019-ல் 31,000. 2023 ஜனவரியிலிருந்து 37,000. முதல் 2 வருடம் முடிந்ததும் அது 42,000 ஆகும். விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப்படியும் சேரும். (இந்த உயர்வு எதுவும் சும்மா வந்துவிடவில்லை. 2019 தொடக்கத்தில்கூட நாடு முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அறிவிப்பு வந்தது.) தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டி பொறியியல் படித்துவிட்டு, கடனை அடைக்க முடியாமல் திணறும் குடும்பங்கள் போடியிலேயே எத்தனையோ. அந்த வகையில் இது பணத்தை விழுங்கும் படிப்பு அல்ல. வருடங்களை விழுங்கும் படிப்பு.

ஊர் கேட்ட கேள்விகள்

இன்னொரு பக்கம் பொட்டிப்புரம், டி.புதுக்கோட்டை மக்கள் கேட்ட கேள்விகளைச் சின்னதாக நினைத்துவிடக் கூடாது. பாறையை வெடி வைத்து உடைத்தால் கிணற்று நீர் என்ன ஆகும், முல்லைப் பெரியாறும் இடுக்கி அணையும் பக்கத்தில் இருக்கின்றனவே, ஆடு மாடு மேய்க்கும் கரட்டை வேலி போட்டு அடைத்தால் எங்கே போவது எனப் பல கவலைகள். எதிர்ப்புக் குரல்களில் நியூட்ரினோவே ஆபத்தானது என்பது போன்ற தவறான தகவல்களும் கலந்திருந்தன. அது உண்மைதான். ஆனால், தண்ணீரையும் காட்டையும் பற்றிய கேள்விகள் அறிவியலை எதிர்ப்பவர்களின் கேள்விகள் அல்ல. அங்கே வாழப்போகிறவர்களின் கேள்விகள். அதற்குத் திட்டத்தின் ஆரம்ப வருடங்களிலேயே ஊரில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015-ல் வைகோ தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. ‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் சிறப்பு நேர்வாக மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பக்கத்தில் இருப்பதால் வனவிலங்கு வாரிய அனுமதியும் வேண்டும் என்றானது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, மேற்குத்தொடர்ச்சி மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் காரணம் காட்டி, இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டது.

இந்த ஒவ்வொரு தேதிக்கும் பின்னால், எங்கோ ஒரு விடுதி அறையில் ஒரு மாணவர் தன் ஆய்வேட்டில் ‘அமையவிருக்கும் ஐகால் கருவி’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

கருவியே இல்லாமல் எப்படிப் பட்டம்?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. மாடு இல்லாமல் பால் கறந்தது எப்படி?

இரண்டு வழிகளில் நடந்தது. ஒரு கூட்டம் கணினிக்குள்ளேயே ஐகாலைக் கட்டியது. இரும்பு, கண்ணாடி, வாயு, காந்தப்புலம் எல்லாவற்றையும் மென்பொருளில் அடுக்கி, நியூட்ரினோ வந்து மோதினால் என்ன தெரியும், 10 வருடம் ஓடினால் எந்த அளவு துல்லியம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். இதற்கு சி++ மொழியும், ஜியண்ட்-4 என்ற மென்பொருளும், புள்ளியியலும் தண்ணீர்பட்டபாடாக வேண்டும். அவர்கள் செய்த வேலையெல்லாம் திரண்டு, 2017-ல் ‘பிரமாணா’ இதழில் ஐகாலின் ஆற்றல் பற்றிய பெரிய அறிக்கையாக வெளிவந்தது. அதன் ஆசிரியர் பட்டியலில் மாணவர்கள் நிறைய.

இன்னொரு கூட்டம் கையால் வேலை செய்தது. கண்ணாடிப் பெட்டியை ஒட்டுவது, வாயு கசிவைப் பிடிப்பது, மின்துடிப்பைப் படிக்கும் எலெக்ட்ரானிக்ஸ் பலகையை வடிவமைப்பது என அது வேறு மாதிரி வேலை. மதுரையில் 85 டன் எடையில் ‘மினி-ஐகால்’ என்று ஒரு சிறிய மாதிரியைக் கட்டி, 2018-லிருந்து இயக்குகிறார்கள். உண்மையான கருவியில் கிட்டத்தட்ட 600-ல் ஒரு பங்கு. அதில் நியூட்ரினோ பிடிபடாது. வானிலிருந்து பொழியும் மியூவான் துகள்களை அளக்கலாம்.

இரு கூட்டத்துக்கும் பட்டம் கிடைத்தது. ஆனால், பட்டம் வாங்கியவர்களின் கையில் ஒன்று குறைந்தது. இந்தத் துறையில் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, “எந்தக் கருவியின் தரவை அலசினீர்கள், என்ன கண்டுபிடித்தீர்கள்?” என்றுதான் கேட்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் வேலை பார்த்த ஜப்பானிய மாணவர் அதற்குப் பதில் வைத்திருப்பார். ஐகால் மாணவர், “எங்கள் கருவி வந்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கும்” என்றுதான் சொல்ல முடியும். இதுதான் அவர்கள் கொடுத்த விலை.

சரி, எங்கேதான் போனார்கள்?

தெருவில் நிற்கவில்லை. பலர் வெளிநாடுகளுக்கு ‘போஸ்ட்டாக்’ போனார்கள். பி.ஹெச்டி முடித்த பிறகு 2, 3 வருட ஒப்பந்தத்தில் செய்யும் ஆராய்ச்சி வேலைக்கு அந்தப் பெயர். அமெரிக்கா, ஸ்பெயின், சிலி, ஜெனீவாவில் இருக்கும் செர்ன் என்று பொட்டிப்புரத்துக்காகப் பயிற்சி பெற்றவர்கள் சிதறினார்கள். கணினிக்குள் ஐகாலைக் கட்டியவர்களுக்கு மற்ற நாட்டு நியூட்ரினோ சோதனைகளில் இடம் கிடைத்தது. கண்ணாடிப் பெட்டி செய்தவர்களுக்கு அதே வகைக் கருவியைப் பயன்படுத்தும் செர்ன் சோதனைகள் பழக்கமான இடம். சிலர் திரும்பி வந்து இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியரானார்கள். வடகிழக்கில் இருக்கும் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில்கூட இந்தப் பயிற்சியில் வந்தவர் பாடம் நடத்துகிறார். வேறு சிலர் ஆராய்ச்சியை விட்டே விலகி மென்பொருள், தரவு அலசல் வேலைகளுக்குப் போனார்கள்.

இதில் வருத்தம் எங்கே இருக்கிறதென்றால், சீனாவின் ஜியாங்மென் நகருக்கு அருகே ‘ஜூனோ’ என்ற நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டியது 2015 ஜனவரியில். நம் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் அதே சமயம்தான். ஜூனோ தேடுவதும் ஐகால் தேட நினைத்த அதே விடையைத்தான், அதாவது மூன்று வகை நியூட்ரினோக்களில் எது கனமானது, எது லேசானது என்ற வரிசையை. ஜூனோ 2025 ஆகஸ்ட்டில் தரவு எடுக்க ஆரம்பித்துவிட்டது.

எதைத் தேடிப் போனாரோ அது கிடைக்காதவர்

கருவி கைவிட்டால் பி.ஹெச்டி வீண்தானா? தகாகி கஜிதாவின் கதை இங்கே பொருந்தும். ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில் அமைந்த கருவியில் 1986-ல் அவர் டாக்டர் பட்டம் வாங்கினார். அவர் தேடியது நியூட்ரினோவை அல்ல. புரோட்டான் சிதைகிறதா என்பதை. சிதையவில்லை. தேடியது கிடைக்கவில்லை. ஆனால், அந்தத் தேடலில் தொந்தரவாக வந்து விழுந்த நியூட்ரினோக்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைக் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு போனவருக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே கமியோகா கருவி 1987-ல் வெடித்த விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்களையும் பிடித்தது. அதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் மசதோஷி கோஷிபாவுக்கு 2002-ல் நோபல்.

இந்தியாவும் பின்தங்கிய நாடாக இருந்ததில்லை. 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவை உலகிலேயே முதலில் பிடித்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். தமிழ்த் தொழிலாளர்கள் தங்கம் வெட்டிய அதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் டாடா நிறுவன ஆய்வாளர்கள், ஜப்பான், இங்கிலாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து கருவி வைத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அந்தச் சோதனைகள் நின்றன. அப்போது விட்டதைத் திரும்பப் பிடிக்கும் முயற்சிதான் பொட்டிப்புரம்.

கஜிதாவின் கதையை மாணவர்களிடம் சொல்லும்போது ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. அவர் தேடியது கிடைக்காவிட்டாலும் அவரிடம் ஓடுகிற கருவி இருந்தது.

வானியல் பி.ஹெச்டி: வயதுக் கணக்கு

நியூட்ரினோவை விடுங்கள். தொலைநோக்கி, விண்மீன், சூரியன் என்று நேரடி வானியலில் பி.ஹெச்டி செய்தால்? பாதை கிட்டத்தட்ட அதேதான். போடிக்கு வடக்கே, பழனி மலைத்தொடரில், 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை 1909-ல் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். நூறு வருடத்துக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் கணினிக்கு மாற்றப்பட்டு, இன்றைக்கும் ஆய்வேடுகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. இதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில். வாணியம்பாடிக்கு அருகே காவலூர் ஆய்வகமும் இவர்களுடையதே. இங்கேயும், புனேயின் ஐயூகா, என்.சி.ஆர்.ஏ போன்ற இடங்களிலும் பி.ஹெச்டி சேர ஜெஸ்ட், நெட், கேட் போன்ற தேர்வுகளும் நேர்காணலும் உண்டு. எம்.எஸ்சி கடைசி வருடத்திலேயே எழுதலாம்.

இப்போது வயதைக் கூட்டிப் பாருங்கள். எம்.எஸ்சி முடிக்கும்போது 22 அல்லது 23. பி.ஹெச்டி 5 முதல் 6 வருடம் எடுத்தால் 28, 29. அதற்குப் பிறகு ஒரு போஸ்ட்டாக் போதாது. பெரும்பாலும் 2, சிலருக்கு 3. நிரந்தர வேலைக்கான நேர்காணலில் உட்காரும்போது 33, 34 வயது. மத்திய அரசின் ‘இன்ஸ்பையர் ஃபேகல்டி’ உதவித்தொகை மாதம் 1,25,000 ரூபாய், 5 வருடத்துக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 32 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் (சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு). அந்த 5 வருடம் முடிந்ததும் நிரந்தர வேலை தானாக வந்துவிடாது.

கிடைத்தால் நல்ல வேலைதான். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், படிகள் தனி. ஐசர் போன்ற நிறுவனங்களில் இன்னும் கூடுதல். ஆனால், ஒரு துறையில் ஒரு நாற்காலி காலியானால் அதற்கு உலகம் சுற்றிய பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். இந்த வேலைக்குப் போனவர்கள் ஒரு சிலரே, மற்றவர்கள் வேறு எங்கோ திரும்பினார்கள் என்பதுதான் எல்லா நாட்டிலும் இருக்கும் நிலைமை.

இதில் பெண்களுக்குக் கணக்கு இன்னும் கடினம். 28-க்கும 34-க்கும் இடைப்பட்ட வயது, ஊரில் கல்யாணம், குழந்தை என்று கேட்கும் வயது. அதே வயதில்தான் இந்தத் துறை, “2 வருடம் சிலிக்குப் போ, பிறகு 2 வருடம் ஜெர்மனிக்குப் போ” என்று சொல்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பும் பெண்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ‘வைஸ்-கிரண்’ திட்டம் வைத்திருக்கிறது. வீட்டில் முதலில் சம்மதம் வாங்குவதற்குத்தான் எந்தத் திட்டமும் இல்லை.

விண்வெளி என்றால் இஸ்ரோ மட்டுமா?

வானியல் என்றதும் சொந்தக்காரர்கள், “அப்ப இஸ்ரோவா?” என்பார்கள். பெரும்பாலும் இல்லை. இஸ்ரோ பெரிய அளவில் எடுப்பது பொறியாளர்களை. பி.ஹெச்டி முடித்தவர்களையும் விஞ்ஞானியாக எடுக்கிறார்கள். இடங்கள் குறைவு. சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ம் தேதி ஏவிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். வானியலில் டாக்டர் பட்டம் வாங்கி அந்த இடத்துக்கு வரவில்லை. அந்த விண்கலத்தின் முக்கியக் கருவியான வெல்க்கைச் செய்து கொடுத்தது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அங்கேதான் வானியல் டாக்டர்கள். விண்வெளிக்குப் போக விரும்பும் பிள்ளை, விண்கலத்தைச் செய்ய ஆசைப்படுகிறதா, அது அனுப்பும் தகவலைப் படிக்க ஆசைப்படுகிறதா என்பதை பிளஸ் டூ-விலேயே கேட்டுவிடுவது நல்லது. இரண்டும் வேறு படிப்பு.

ஆராய்ச்சியை விட்டு வெளியே வருபவர்களுக்கு எது கைகொடுக்கிறது? ஆய்வேட்டின் தலைப்பு அல்ல. கோடிக்கணக்கான பதிவுகளில் உண்மையான சமிக்ஞையைச் சத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பழக்கம், பைத்தான், சி++, இயந்திரக் கற்றல், பிழையைக் கணக்கிடும் கறார்த்தனம். வங்கிகளும், காப்பீட்டு நிறுவனங்களும், பெங்களூரு மென்பொருள் கம்பெனிகளும் கேட்பது அதைத்தான். கண்ணாடிப் பெட்டி செய்தவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. “இயற்பியல் டாக்டர்தானே, புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு வேலைக்குப் போய்விடலாம்” என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் சொல்லும் தனிப் படிப்பு வேண்டும். எம்.எஸ்சி-க்குப் பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கொடுக்கும் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ போன்ற ஒன்று. துகள் இயற்பியலில் எத்தனை டாக்டர் பட்டம் வைத்திருந்தாலும் அது இல்லாமல் நுழைய முடியாது. அந்தப் பக்கம் ஆசை இருந்தால் பி.ஹெச்டி-க்கு முன்பே முடிவெடுக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்ப முடியுமா?

போடியில் ஏல விவசாயிகள் சங்கம் நடத்தும் சி.பி.ஏ கல்லூரி இருக்கிறது. 2012-ல் அரசுப் பொறியியல் கல்லூரியும் வந்தது. டாக்டர் பட்டத்துடன் திரும்பி வந்து உள்ளூர்க் கல்லூரியில் பாடம் நடத்தலாமே என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. நிரந்தரப் பணியிடம் காலியாக இருந்தால் நடக்கும். ஆனால், தமிழகம் முழுக்கவே அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் தொகுப்பூதியத்துக்கு ஆள் எடுத்துத்தான் வகுப்புகள் ஓடுகின்றன. செர்னில் வேலை பார்த்தவர், போஸ்ட்டாக் சம்பளத்தில் கால்வாசிக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும். மதுரையிலோ தேனியிலோ ஓர் ஆய்வகம் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். பொட்டிப்புரம் திட்டத்தில் ஊர்க்காரர்களுக்குக் கட்டுமான வேலை கிடைக்கும் என்றார்கள். அந்த ஊர்ப் பிள்ளை அதே மலைக்குள் ஆய்வாளராக வரலாம் என்பதை யாராவது பள்ளிக்கூடத்தில் போய், பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசியிருந்தால், எதிர்ப்பு மாறியிருக்குமோ மாறியிருக்காதோ, பேச்சின் தொனி மாறியிருக்கும்.

சேர்வதற்கு முன்

பெரிய திட்டங்கள் இன்னும் வருகின்றன. மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியா ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு 2016-ல் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்தது. சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு முழு ஒப்புதல் வர 2023 ஏப்ரல் ஆனது. இடையில் 7 வருடம், ஒரு பி.ஹெச்டி-யைவிட நீளம். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டப்படும் எஸ்.கே.ஏ ரேடியோ தொலைநோக்கியிலும் இந்தியா பங்காளி. இதையெல்லாம் நம்பிச் சேரப்போகும் மாணவர், நேர்காணலுக்குப் போகும்போது தானும் சில கேள்விகளை எடுத்துச் செல்லலாம். தப்பே இல்லை. இந்த வழிகாட்டியிடம் கடைசியாக முடித்த 5 பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? புதுக் கருவி தாமதமானால், ஏற்கெனவே ஓடுகிற வேறொரு கருவியின் தரவை வைத்து ஆய்வேட்டின் ஒரு பகுதியாவது எழுத முடியுமா? நல்ல வழிகாட்டிகள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

மதுரையில் அந்த 85 டன் இரும்பு இன்னும் வேலை செய்கிறது. இப்போது அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டைகளால் ஒரு கவசம் அமைக்கும் வேலை நடக்கிறது. வானிலிருந்து வரும் மியூவான்களில் 99.99 சதவிகிதத்துக்கும் மேல் அடையாளம் கண்டு ஒதுக்க முடியுமா என்று பார்ப்பதற்காக. முடியும் என்று தெரிந்தால், 1 கிலோமீட்டர் பாறை தேவைப்படாது. 100 மீட்டர் ஆழமே போதுமானதாக இருக்கலாம். அதற்கு இவ்வளவு பெரிய மலை வேண்டாம். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பவர்களிலும் பி.ஹெச்டி மாணவர்கள் இருக்கிறார்கள்.